ஸ்விட்ச்: கைக்கு வந்தது எது, வராதது எது

2022 தீபாவளிக்கு சிங்கப்பூர்ல இருந்து வந்திருந்த பெரியப்பா மகன், தன்னோட பழைய நின்டெண்டோ ஸ்விட்சை என் கையில் கொடுத்தார். "புது ஓஎல்இடி மாடல் வாங்கிட்டேன்டா. இது சும்மா அலமாரியில கிடக்கு, நீ வெச்சுக்கோ" என்றார். ஆன் பண்ணிப் பார்த்தேன். திரையில் வரிசையாக 11 கேம். தனியாக ஒரு சின்ன டப்பாவில் 4 கார்டு, தபால்தலையை விடக் கொஞ்சம்தான் பெரிசு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிளம்புவதற்கு முன், "என் அக்கவுண்டை எடுத்துடறேன், உனக்கு எதுக்கு அது" என்று சொல்லிவிட்டு ஏதோ அமுக்கினார். அடுத்த நாள் ஒவ்வொரு கேமாகத் திறந்து பார்க்கிறேன். 11ல் 4 மட்டும்தான் திறந்தது. அந்த 4ம் டப்பாவில் இருந்த கார்டுகள். மற்ற 7ம் அண்ணன் ஆன்லைன் கடையில் காசு கொடுத்து டவுன்லோட் செய்தவை. பொட்டி கைமாறியது, அவை அவரோடேயே போய்விட்டன.

கோபமெல்லாம் இல்லை, ஓசியில் வந்ததுதானே. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பொட்டியில் "என்னுடையது" என்று நான் சொல்லக்கூடியது எது? அதைத் தேடிக்கொண்டு போனபோது, இந்தப் பொட்டி ஏன் இப்படி இருக்கிறது, இதில் ஆடுவது ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது என்பதும் சேர்ந்தே பிடிபட்டது. அதெல்லாம்தான் இந்தப் பதிவு.

முதலில், இது என்ன பொட்டி?

வீட்டு கன்சோல் என்றால் டிவிக்குக் கீழே ஒயரோடு கிடக்கும். கையடக்க கன்சோல் என்றால் பையில் வரும், டிவியில் தெரியாது. ஸ்விட்ச் இரண்டும் சேர்ந்தது. 6.2 அங்குலத் திரை, இரண்டு பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய ஜாய்-கான் என்ற கைப்பிடிகள், எல்லாம் சேர்த்து 400 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. டிவியில் ஆடணும்னா டாக் என்ற பிளாஸ்டிக் தொட்டிலில் செருகினால் போதும், படம் டிவிக்குத் தாவிவிடும். உருவினால் மறுபடி கைத்திரைக்கு வந்துவிடும். ஆட்டம் நடுவில் அறுபடாது.

நான் ரொம்ப நாள் தப்பாகப் புரிந்துவைத்திருந்த ஒரு விஷயம்: "பவர் எல்லாம் டாக்குக்குள்ள இருக்கும், கையில இருக்கறது வெறும் திரை." நிஜம் நேர் எதிர். டாக்குக்குள் கணக்குப் போடும் சமாச்சாரம் எதுவுமே கிடையாது. சார்ஜ் கொடுக்கும், யூஎஸ்பி-சி வழியாக வரும் படத்தை எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு அனுப்பும், அவ்வளவுதான். மூளை முழுக்கக் கையில் இருக்கும் பலகைக்குள்தான். டாக்கில் இருக்கும்போது சுவரிலிருந்து கரண்ட் வருவதால், பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாமல் சிப் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் குட்டி ஃபேனும் இன்னும் வேகமாகச் சுற்றும். அதனால்தான் கையில் 720பி என்று தெரிவது டிவியில் 1080பி வரை போக முடிகிறது.

2012ல் இதே கம்பெனி விட்ட வீ யூ கன்சோலில் இது தலைகீழாக இருந்தது. அதன் கைப்பிடியிலும் ஒரு திரை உண்டு, ஆனால் மூளை டிவிக்குக் கீழே இருந்த பொட்டியில். பொட்டியை விட்டுத் தள்ளிப் போனால் திரை செத்துவிடும். அது மொத்தம் சுமார் 1.35 கோடிதான் விற்றது. மூளையைக் கைக்கு மாற்றிய ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. வித்தியாசத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மூளை இடம் மாறியது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ரயிலில் ஒருவர், கையில் ஒரு கால்குலேட்டர்

இந்த யோசனையின் வேரைத் தேடினால் குன்பெய் யோகோய் என்பவரிடம் போய் நிற்கிறோம். கியோட்டோவில் 1889ல் சீட்டுக்கட்டு கம்பெனியாக ஆரம்பித்த நின்டெண்டோவில், 1965ல் இயந்திரங்களைப் பராமரிக்கும் ஆளாகச் சேர்ந்தவர். அங்கேயே பொழுதுபோக்காக அவர் செய்துவைத்திருந்த நீளும் கை பொம்மை முதலாளி கண்ணில் பட, 1966ல் அது விற்பனைக்கே வந்தது. ஆள் பொம்மை வடிவமைப்பாளர் ஆகிவிட்டார்.

பின்னால் புல்லட் ரயிலில் போகும்போது, போரடித்துப்போன ஒருவர் கால்குலேட்டர் பட்டன்களைச் சும்மா அமுக்கி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து யோகோய்க்குப் பொறி தட்டியது என்று ஒரு கதை சொல்வார்கள். ஜப்பானில் கால்குலேட்டர் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டிபோட்டு விலையைத் தரைமட்டமாக்கியிருந்த காலம் அது. எல்சிடி திரையும் சிப்பும் மலிந்து கிடந்தன. அதை எடுத்து 1980ல் 'கேம் அண்ட் வாட்ச்' செய்தார்கள். கையில் அடங்கும் ஒரு ஆட்டம், ஓரத்தில் கடிகாரம்.

இந்த வழிக்கு யோகோய் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய "காய்ந்த தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது" என்று வரும். காய்ந்த என்றால் உதவாக்கரை என்று அர்த்தமில்லை. நம்ம ஊர் ஆசாரியைக் கேட்டால் சட்டென்று புரியவைப்பார்: பச்சை மரத்தில் கதவு செய்தால் ஆறு மாதத்தில் கோணிக்கொள்ளும், நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்தால் அசையாமல் நிற்கும். தொழில்நுட்பமும் அப்படித்தான். சந்தைக்கு வந்து சில வருடம் ஆனது மலிவாக இருக்கும், அதன் குறைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், கரண்டும் குறைவாகத் தின்னும். அதைப் புதுசா ஒரு வேலைக்குத் திருப்புவதில்தான் சாமர்த்தியம்.

1989ல் வந்த கேம் பாய்தான் இதற்கு நல்ல உதாரணம். பச்சை கலந்த மங்கல் திரை, நிறம் கிடையாது, பின்னால் வெளிச்சம்கூடக் கிடையாது. போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் இரண்டிலும் வண்ணத்திரை. ஆனால் கேம் கியர் 6 பேட்டரியைப் போட்டுக்கொண்டு சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். கேம் பாய் 4 பேட்டரியில் அதைப்போல் சில மடங்கு நேரம் ஓடும். கடைசியில் கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

யோகோய் 1997ல் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். ஸ்விட்ச் வந்தது 2017 மார்ச் 3. அதற்குள்ளே இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப், 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அதாவது கடைக்கு வரும்போதே அதற்கு இரண்டு வயது. வெளியானபோது "பிளேஸ்டேஷன் 4 பக்கத்துல கூட நிக்க முடியாது" என்று நிறையப் பேர் சொன்னார்கள். உண்மைதான், நிற்க முடியாது. ஆனால் பிளேஸ்டேஷன் 4 என்னோடு ரயில் ஏறாது.

முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு கோயில்

எனக்கு ஆபீஸ் சென்னை பார்க் ஸ்டேஷன் பக்கம். தாம்பரத்திலேயே ஏறுவதால் காலையில் சீட் கிடைத்துவிடும். சுமார் முக்கால் மணி நேரம். இந்தப் பொட்டி என் வாழ்க்கையில் உட்கார்ந்த இடம் அதுதான்.

'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' ரொம்பப் பெரிய விளையாட்டு. மலை, காடு, பாலைவனம் என்று விரிந்துகொண்டே போகும். ஆனால் அந்த உலகம் முழுக்க 120 சின்னச் சின்னக் கோயில்களை இறைத்துவைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புதிர்: ஒரு இரும்புப் பெட்டியை நகர்த்து, ஒரு பந்தை உருட்டு, தண்ணீரில் பனிக்கட்டித் தூண் எழுப்பு. பத்து பதினைந்து நிமிட வேலை. மீனம்பாக்கத்தில் ஒரு கோயிலுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் கிண்டிக்குள் வெளியே வந்துவிடுவேன்.

அப்படி முடியாவிட்டாலும் பரவாயில்லை. மேலே உள்ள பவர் பட்டனை ஒரு தடவை தட்டினால் பொட்டி தூங்கிவிடும். சண்டை நடுவில் வாளை ஓங்கியிருந்தால், ஓங்கியபடியே. சாயங்காலம் எழுப்பி, ஏதாவது ஒரு பட்டனை மூன்று முறை தட்டினால் வாள் இறங்கும். கல்யாணம், குழந்தை, வேலை என்று ஆனவர்களுக்கு மொத்தமாக இரண்டு மணி நேரம் எங்கே கிடைக்கிறது? அங்கே பத்து, இங்கே இருபது என்று சில்லறையாகத்தான் கிடைக்கும். அந்தச் சில்லறையை அப்படியே வாங்கிக்கொள்ளும் கன்சோல் இது. என்னைக் கேட்டால் இதன் முதல் குணம் கிராபிக்ஸ் இல்லை, இந்தத் தூக்கம்தான்.

வீட்டில் வேறு மாதிரி. அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் டிவியில் மாரியோ கார்ட். ஜாய்-கான்களைக் கழற்றி ஆளுக்கொன்று. தனியாக இன்னொரு கன்ட்ரோலர் வாங்க வேண்டியதில்லை. ஒரு நாள் கடைசிச் சுற்றில் கரண்ட் போய்விட்டது. டிவி அணைந்தது, பையன் அலற ஆரம்பித்தான். பொட்டியை டாக்கிலிருந்து உருவி மேசையில் சாய்த்து வைத்தேன். ஆட்டம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. "மாமா, கரண்ட் இல்லாமலே ஓடுது!" என்றான். ஜப்பான்காரர்கள் இதற்காகச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் நம்ம வீட்டுக்கு இதுதான் பெரிய வசதி.

கார்டு, சேவ், அக்கவுண்ட்

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். ஸ்விட்சில் ஒரு விளையாட்டு என்பது உண்மையில் மூன்று துண்டு. மூன்றும் மூன்று இடத்தில் இருக்கின்றன.

முதல் துண்டு, விளையாட்டு. கார்டாக வாங்கினால் அது கார்டில் இருக்கும். அந்தக் கார்டை யார் செருகினாலும் ஓடும். எந்த நாட்டில் வாங்கினீர்கள் என்பதும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை: சிங்கப்பூர் கார்டு, ஜப்பான் கார்டு எல்லாம் என் பொட்டியில் ஓடுகின்றன. 2017ல் ஸ்விட்ச் வந்தபோது இந்தியாவில் அதிகாரபூர்வமாக வெளியாகவில்லை. இங்கே இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்பதால் நமக்கு இது பெரிய ஆறுதல். (குழந்தைகள் வாயில் போடாமல் இருக்கக் கார்டின் மேல் டெனடோனியம் பென்சோயேட் என்ற கசப்பைப் பூசியிருக்கிறார்கள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். நிலவேம்புக் கஷாயம் தோற்றது. நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்.)

டவுன்லோடாக வாங்கினால் கதை வேறு. அது அக்கவுண்டோடு கட்டிய உரிமம். பொட்டியில் இருந்தாலும் பொட்டியுடையது இல்லை. அண்ணன் அக்கவுண்ட் போனதும் 7 கேம் பூட்டிக்கொண்டது அதனால்தான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் "வாங்கு" என்ற பட்டனை அமுக்கும்போது நமக்குத் தோன்றுவது வேறு, நடப்பது வேறு. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, நீங்கள் பெறுவது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்ற வார்த்தையைப் போடக்கூடாது. சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய அளவுக்கு அந்தக் குழப்பம் பரவலாக இருந்திருக்கிறது.

கடையும் நிரந்தரம் இல்லை. வீ கன்சோலின் ஆன்லைன் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ இரண்டின் கடைகளிலும் 2023 மார்ச் 27க்குப் பிறகு எதையும் புதிதாக வாங்க முடியவில்லை. ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்கிக்கொள்ள விட்டார்கள். ஆனால் கார்டாக வராமல் அந்தக் கடைகளில் மட்டுமே இருந்த விளையாட்டுகளை நேர்வழியில் புதிதாக வாங்க வழியே இல்லை.

இரண்டாவது துண்டு, சேவ். நாம் எவ்வளவு தூரம் ஆடியிருக்கிறோம் என்ற குறிப்பு. அண்ணன் அடிவாங்கிய இடம் இதுதான்.

மறு வருஷம் அவர் வந்தபோது தன் புது ஓஎல்இடியைக் கொண்டுவந்திருந்தார். "அந்த செல்டா கார்டைக் கொடு, கடைசி பாஸ் மட்டும் பாக்கி. முடிச்சுட்டுத் தர்றேன்" என்றார். கொடுத்தேன். செருகினார். ஆட்டம் முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தது.

"டேய், என் சேவ் எங்கடா?"

சின்ன வயதில் அவரிடம் கேம் பாய் இருந்தது. அந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் உள்ளேயே ஒரு வட்ட பேட்டரி இருக்கும். சேவை அதுதான் காப்பாற்றும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி நண்பன் பொட்டியில் போட்டாலும் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். (பேட்டரி தீர்ந்தால் சேவ் காலி, அது தனிச் சோகம்.) அந்த நினைப்பிலேயே இருந்திருக்கிறார். ஸ்விட்சில் சேவ் கார்டில் இருக்காது. பொட்டியின் உள் நினைவகத்தில், ஆடுபவரின் பெயரில் இருக்கும். பெயரை நீக்கினால் அதுவும் சேர்ந்து அழியும். நீக்குவதற்கு முன் எச்சரிக்கை வந்திருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படிக்காமல் ஓகே அமுக்கிவிட்டார். மாதச் சந்தா கட்டியிருந்தால் பல கேம்களின் சேவ் கிளவுடில் ஒரு நகல் இருந்திருக்கும். அவர் கட்டவில்லை. கேபிள் இல்லாமலே ஒரு ஸ்விட்சிலிருந்து இன்னொன்றுக்குப் பெயரையும் சேவையும் மாற்றும் வசதியும் உண்டு, இலவசம். எங்கள் இரண்டு பேருக்குமே அது அப்போது தெரியாது.

100 மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறார். பெரும்பாலும் கோவிட் சமயத்தில், அறையில் தனியாக அடைந்து கிடந்த மாதங்களில். "சரி விடு, கேம்தானே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அவர் முகத்தைப் பார்த்தபோது, வெறும் கேம்தானே என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது துண்டு, அக்கவுண்ட். மற்ற இரண்டையும் கட்டிவைத்திருக்கும் கயிறு. 2025 ஏப்ரல் கடைசியில் வந்த அப்டேட்டில் இந்தக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். டவுன்லோட் கேமையும் ஒரு 'மெய்நிகர் கார்டு' போல ஒரு பொட்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டலாம், குடும்பக் குழுவில் இருப்பவருக்கு 14 நாள் இரவல் தரலாம். நல்ல மாற்றம்தான். அதே சமயம் 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2ல் சில கார்டுகள் வெறும் சாவியாகிவிட்டன: உள்ளே விளையாட்டு இருக்காது, செருகிவிட்டு இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அட்டையில் எழுதியிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

பொருளும் தேயும்

கார்டு வாங்கிவிட்டால் எல்லாம் நம்முடையது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. கையில் இருக்கும் பொருளுக்கு ஆயுள் உண்டு.

ஜாய்-கான் குச்சியின் பெயர்போன நோய் 'டிரிஃப்ட்'. தொடாமலே பாத்திரம் தானாக ஒரு பக்கம் நகரும். பழைய ரேடியோவில் வால்யூம் திருகும்போது கரகரவென்று சத்தம் வருமே, ஏறக்குறைய அதே வியாதி. இரண்டிலும் ஒரு கரிப்பூச்சுத் தடத்தின் மேல் ஒரு தொடுமுனை உரசிக்கொண்டே நகர்கிறது. தடம் தேய்ந்து தூள் சேர்ந்தால், குச்சி எங்கே நிற்கிறது என்று பொட்டிக்குத் தப்பான தகவல் போகும். இது உலகம் முழுக்கப் புகாராகி, அமெரிக்காவில் வழக்குகள் போடப்பட்டு, 2020 ஜூனில் நின்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். காந்தத்தை வைத்து, உரசலே இல்லாமல் இடம் அறியும் குச்சிகளை வேறு கம்பெனிகள் விற்கின்றன. ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்கள் மாற்றிக்கொள்கிறார்கள்.

அடுத்தது பேட்டரி. முதல் மாடலில் கேமைப் பொறுத்து 2.5 முதல் 6.5 மணி நேரம். 2019ல் வந்த திருத்திய மாடலில் 4.5 முதல் 9 மணி நேரம். பேட்டரி அதேதான், கரண்ட் குறைவாகத் தின்னும் சிப்பை வைத்ததால் வந்த லாபம். பழையது வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். எந்த மாடலாக இருந்தாலும் லித்தியம் பேட்டரியை முழுக்க இறங்கவிட்டு மாதக்கணக்கில் பரணில் போட்டால், பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் போடச் சொல்லித் தயாரிப்பாளரே அறிவுறுத்துகிறார்.

நான் இப்போது செய்வது

திரும்பத் திரும்ப ஆடுவேன், யாருக்காவது கொடுப்பேன் என்று தோன்றும் விளையாட்டைக் கார்டாக வாங்குகிறேன், முடிந்தால் பழசு. ஒரு முறை ஆடிவிட்டு மறந்துவிடுவேன் என்பதைத் தள்ளுபடியில் டவுன்லோட் செய்கிறேன், வாடகை கொடுத்த மாதிரி நினைத்துக்கொண்டு. பெயரையோ அக்கவுண்டையோ நீக்குவதற்கு முன் சேவை மாற்றியாகிவிட்டதா என்று இரண்டு தடவை பார்க்கிறேன். காலண்டரில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் ஒரு சார்ஜ் நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

அண்ணன் அந்த செல்டா கார்டைச் சிங்கப்பூருக்கே எடுத்துப் போய்விட்டார். கார்டு அல்லவா, தாராளமாகக் கொடுக்க முடிந்தது. போன மாதம் போன் பண்ணினபோது, "எத்தனை கோயில் ஆச்சுண்ணா?" என்று கேட்டேன். "நாற்பத்தி ரெண்டு. இந்தத் தடவை கிளவுட்லயும் போட்டு வெச்சிருக்கேன்" என்றார்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஸ்விட்ச் கிடந்தால், இன்றைக்கே எடுத்து ஒரு சார்ஜ் போட்டு வையுங்கள்.